நிலப் போக்குவரத்துச் சான்றிதழ்: 2,400 சிங்கப்பூர் வெள்ளிக்குத் தகுமா?

பாண்டான்_டிஸ்பேட்ச் | 11 அக்டோபர் 2025, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். பாண்டான் லூப் பக்கம் ஒரு கன்டெய்னர் லாரி கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் கோஆர்டினேட்டராக இருக்கிறேன். எந்த பிரைம் மூவர் (பெட்டி இழுக்கும் லாரி) எந்த டெப்போவுக்குப் போக வேண்டும், எந்தப் பெட்டிக்கு எப்போது போர்ட்நெட் என்ற துறைமுக இணையத்தளத்தில் நேரம் பிடிக்க வேண்டும், டிரைவர் திடீரென்று எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அந்த டிரிப்பை யார் தலையில் கட்டுவது, இதுதான் என் நாள். சிங்கப்பூரர், வயது 38. ஐடிஇ என்ற தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் ஹையர் நைட்டெக் வரை படித்தேன், அது டிப்ளோமாவுக்குக் கீழே.

சம்பளம் 3,100 வெள்ளியில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேலே போக வேண்டுமென்றால் ஆபரேஷன்ஸ் எக்சிக்யூட்டிவ் ஆக வேண்டும். போன வாரம் ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. நிலப் போக்குவரத்து நிர்வாகத்தில் சான்றிதழ், சனிக்கிழமை வகுப்பு, நான்கு மாதம், வெளிநாட்டுக் கழகம் ஒன்றின் முத்திரை. முழுக் கட்டணம் 2,400 வெள்ளி. "உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பணம் டிசம்பரோடு போய்விடும், இந்த வாரமே பதியுங்கள்" என்று விடாமல் வாட்ஸ்அப் வந்துகொண்டிருக்கிறது. பயிற்சிக்கென்று அரசு நம் கணக்கில் போட்ட பணத்தைத்தான் சொல்கிறார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். இந்த மாதிரிச் சான்றிதழைப் பார்த்து உங்களில் யாருக்காவது சம்பளமோ பதவியோ கூடியிருக்கிறதா? வீட்டில் இவள் கேட்பது, சனிக்கிழமை பிள்ளையை நீச்சல் வகுப்புக்கு யார் கூட்டிப் போவது என்று. அதையும் செலவில்தான் சேர்க்க வேண்டும்.

ராத்திரி_ஷிஃப்ட் | இரவு 10:31

துவாஸ் துறைமுகத்தில் ஆளில்லாத வண்டி பெட்டி இழுக்கிறது. பொங்கோலில் ஓட்டுநர் இல்லாத வண்டி விடப் போகிறார்கள். நீங்கள் போக்குவரத்துச் சான்றிதழ் வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள், பிரேம் போட்டு மாட்டவா?

பாண்டான்_டிஸ்பேட்ச் | இரவு 10:34

அண்ணே, துறைமுகத்துக்கு வெளியே இன்னும் மனுஷன்தானே ஓட்டுகிறான். எங்கள் பிரச்சினையே ஆள் கிடைக்காததுதான்.

எச்ஆர்_அக்கா | இரவு 11:05

தளவாடக் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருப்பவள் என்ற முறையில், முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பதை மற்றவர்கள் பேசட்டும்.

டிசம்பரோடு போகிறது என்று அவர்கள் சொல்வது பாதி உண்மை. 25 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர்களுக்கு 2015 திட்டத்தில் கொடுத்த முதல் 500 வெள்ளிக்குக் காலக்கெடு கிடையாது. 2020-இல் கூடுதலாகக் கொடுத்த 500 தான் 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு இருக்காது. அதனால்தான் இந்த மாதங்களில் எல்லாப் பயிற்சி நிலையங்களும் போனும் கையுமாக இருக்கின்றன. உங்கள் கணக்கில் எது மிச்சம் இருக்கிறது என்று சிங்பாஸ் (அரசு இணையக் கணக்கு) வழியாக நுழைந்து பாருங்கள்.

அடுத்தது வயது. அரசு மானியம் உள்ள வகுப்பாக இருந்தால் உங்கள் வயதுக்குப் பொதுவாக 50 விழுக்காடு. 40 ஆகிவிட்டால் 70. அதோடு 40 வயதில் 4,000 வெள்ளி தனியாகக் கிடைக்கிறது, 2024 மே மாதத்திலிருந்து நடப்பில் உள்ள திட்டம். ஆனால் அது எல்லா வகுப்புக்கும் செல்லாது, தேர்ந்தெடுத்த பட்டியலுக்குத்தான்.

இதெல்லாம் "மானியம் உள்ள வகுப்பாக இருந்தால்". அந்த நிலையத்திடம் வகுப்பின் குறிப்பு எண்ணைக் கேளுங்கள். மானியம் உள்ளதென்றால் டிஜிஎஸ் என்று தொடங்கும். சிற்றேட்டில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சின்னம் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம்.

பாண்டான்_டிஸ்பேட்ச் | 12 அக்டோபர், காலை 9:20

நன்றி அக்கா. பழைய 500-ஐ எக்செல் வகுப்புக்குச் செலவழித்துவிட்டேன். மிச்சம் இருப்பது டிசம்பரில் போகும் 500 மட்டும். குறிப்பு எண் கேட்டிருக்கிறேன், "திங்கள்கிழமை சொல்கிறோம்" என்கிறார்கள்.

பென்ஜூரு_மேனேஜர் | 12 அக்டோபர், காலை 11:48

இந்த வேலைக்கு ஆள் எடுப்பவன் நான் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரு காகிதத்துக்கு விலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள் தம்பி. இந்தக் காகிதம் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று சட்டம் சொன்னால் அதற்கு விலை உண்டு. பெட்ரோல், தீப்பற்றும் ரசாயனம் ஏற்றும் டேங்கர் ஓட்டுநரிடம் குடிமைத் தற்காப்புப் படையின் ஹஸ்மட் (அபாயகரமான சரக்கு) அனுமதி இல்லையென்றால் என்னால் அவரை அனுப்பவே முடியாது. அதனால் அது உள்ளவரைப் பிடித்து வைத்துக்கொள்ள நான் கூடுதலாகக் கொடுக்கிறேன். கனரக வண்டிக்கான கிளாஸ் 4, கிளாஸ் 5 உரிமமும் அப்படித்தான். ஃபோர்க்லிஃப்ட், லாரி கிரேன் எல்லாம் அதே கதை.

சட்டம் கேட்காவிட்டாலும் வாடிக்கையாளர் கேட்டால் அதற்கும் விலை உண்டு. பெரிய கம்பெனிகளின் டெண்டரில் பிஸ்சேஃப் (வேலையிடப் பாதுகாப்புத் தகுதி) மூன்றாம் நிலை வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்த நிலைக்குப் போக, கம்பெனிக்குள் ஒருவர் இடர் நிர்வாக வகுப்பை முடித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருந்தால் முதலாளிக்கு உங்கள் பெயர் ஞாபகம் இருக்கும்.

நீங்கள் சொல்லும் சான்றிதழை யார் கேட்கிறார்கள்? சட்டம் கேட்கவில்லை. எந்த டெண்டரிலும் நான் பார்த்ததில்லை. வேலை விளம்பரங்களைத் திறந்து, ஆபரேஷன்ஸ் எக்சிக்யூட்டிவ் என்று தேடி ஓர் இருபதைப் படித்துப் பாருங்கள். டிப்ளோமா என்று இருக்கும், அனுபவம் என்று இருக்கும், சுங்க அனுமதி தெரிந்திருக்க வேண்டும் என்று இருக்கும்.

நேர்காணலில் நான் கேட்கும் கேள்வி ஒன்று. கப்பல் இரண்டு நாள் தாமதம், இருபது இறக்குமதிப் பெட்டிகள், ஷிப்பிங் லைன் கொடுத்த இலவச நாட்கள் சனிக்கிழமை முடிகின்றன, வாடிக்கையாளரின் கிடங்கு சனி மதியத்தோடு மூடிவிடும். என்ன செய்வாய்? டிமரேஜுக்கும் (பெட்டி துறைமுகத்தில் கூடுதல் நாள் கிடந்தால் கட்டணம்) டிட்டென்ஷனுக்கும் (வெளியே எடுத்த பெட்டியைத் தாமதமாகத் திருப்பினால் கட்டணம்) வித்தியாசத்தை அழகாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். நல்ல கோஆர்டினேட்டர் அங்கே போகமாட்டார். எந்தப் பெட்டியில் என்ன சரக்கு, எதை முதலில் இறக்கினால் கிடங்கு திட்டாது, எத்தனை காலி டிரெய்லர் கையில் இருக்கிறது, மிச்சப் பெட்டிகளை நம் யார்டில் வைத்தால் வாடகை எவ்வளவு, லைனிடம் ஒரு நாள் கூட்டிக் கேட்டுப் பார்க்கலாமா என்று என்னையே திருப்பிக் கேட்பார். அவரைத்தான் எடுப்பேன். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். தெரியும் என்பதைக் காட்டும் காகிதம் எது என்பதுதான் கேள்வி. அந்த 2,400 வெள்ளிக் காகிதம் அதைக் காட்டாது.

சாங்கி_கார்கோ | 12 அக்டோபர், மதியம் 1:15

அண்ணன் சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் சட்டமும் டெண்டரும் கேட்காத சான்றிதழுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. நான் சிஎல்டிடி என்ற தளவாட, போக்குவரத்துச் சான்றிதழ் முடித்தேன், அமெரிக்கச் சங்கம் நடத்துவது. 150 கேள்விகள், மூன்றரை மணி நேரம். என் கம்பெனி அமெரிக்கக் கம்பெனி, அங்கே மேலிருந்து கீழ்வரை எல்லோரும் அந்தச் சங்கத்தின் சொற்களில்தான் பேசுகிறார்கள். முடித்த பிறகு வட்டாரத் திட்டமிடல் குழுவுக்குள் போக முடிந்தது. காகிதம் மட்டுமே காரணம் இல்லை. ஆனால் அது இல்லாதிருந்தால் என் பெயரை அந்தப் பட்டியலில் சேர்த்திருக்க மாட்டார்கள்.

அதே சான்றிதழோடு ஜூரோங்கில் ஓர் உள்ளூர் ஹாலியர் (லாரி கம்பெனி) முதலாளியிடம் போனால் "இது என்ன?" என்றுதான் கேட்பார். எங்கே வேலை பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும்.

இன்னொன்று. ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை 75 புள்ளி சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். வாங்கும்போது யாரும் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. உங்கள் சான்றிதழுக்கும் பின்னால் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா பாருங்கள்.

பாண்டான்_டிஸ்பேட்ச் | 12 அக்டோபர், மதியம் 1:40

கழகத்தில் உறுப்பினர் ஆகலாம், பெயருக்குப் பின்னால் எழுத்து போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஆண்டுச் சந்தா பற்றிப் பேச்சே இல்லை.

சாங்கி_கார்கோ | 12 அக்டோபர், மதியம் 1:52

எந்தக் கழகம் என்பதைப் பொறுத்தது. சிஐஎல்டி (தளவாட, போக்குவரத்துப் பட்டயக் கழகம்) மாதிரி என்றால் அது பழைய கழகம், 1919-இல் லண்டனில் தொடங்கி 1926-இல் அரச சாசனம் பெற்றது. சிங்கப்பூரிலும் கிளை இருக்கிறது. அவர்களிடம் சான்றிதழ், டிப்ளோமா, உயர் டிப்ளோமா என்று படிநிலை உண்டு. உறுப்பினர் நிலைக்கு அனுபவமும் கணக்கில் வரும், சந்தாவும் கட்ட வேண்டும். கீழ்ப்படியில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டு அங்கேயே நின்றால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மேலே ஏறுகிற எண்ணம் இருந்தால் மட்டும் முதல் படிக்குப் பணம் கட்டலாம். பெயர் மட்டும் பெரிதாக இருக்கிற வேறு கழகம் என்றால் நான் தொடவே மாட்டேன்.

சோழவந்தான்_பையன் | 12 அக்டோபர், இரவு 8:03

அண்ணன்மார்களுக்கு வணக்கம், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் கட்டுமானத்தில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன். கம்பெனி லாரியும் ஓட்டுகிறேன், கிளாஸ் 3 இங்கேயே எடுத்தேன். ஊரில் என் மச்சானிடம் ஒரு ஏஜென்ட், "சிங்கப்பூரில் இனிமேல் இந்தியாக்காரர்களைக் கனரக வண்டி ஓட்ட எடுக்கிறார்கள், எங்கள் சென்டரில் டிரான்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கினால் உடனே வேலை" என்று 60,000 ரூபாய் கேட்கிறாராம். இது உண்மையா?

எச்ஆர்_அக்கா | 12 அக்டோபர், இரவு 8:40

தம்பி, மச்சானிடம் உடனே போன் போட்டு, பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதில் உண்மை இருக்கும் பகுதி: 2025 செப்டம்பர் 1 முதல் கனரக வாகன ஓட்டுநர் வேலையை மனிதவள அமைச்சு, இந்தியா போன்ற நாடுகளிலிருந்தும் ஆள் எடுக்கலாம் என்ற வேலைகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதற்கு முன் சேவைத் துறைக் கம்பெனி இந்தியாவிலிருந்து ஓட்டுநரை வேலை அனுமதியில் எடுக்க முடியாது. இப்போது எடுக்கலாம். ஆனால் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி கொடுக்க வேண்டும், அப்படிப்பட்டவர்கள் கம்பெனியின் மொத்த ஆட்களில் 8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. விண்ணப்பிப்பது இங்குள்ள முதலாளி. ஊரில் யாரோ கொடுக்கும் சான்றிதழை அமைச்சு கேட்பதில்லை. இங்கே ஓட்ட இங்கத்திய உரிமம்தான் வேண்டும்.

செய்தி உண்மையாக இருப்பதால்தான் பொய்யும் நம்பும்படி இருக்கிறது. சிங்கப்பூரில் உரிமம் பெற்ற ஏஜென்ட் என்றால் அவர் ஊழியரிடம் வாங்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு. வேலைக்காலம் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது.

உங்களைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். நீங்கள் இங்கே இந்தச் சான்றிதழ் வகுப்புக்குப் போனால் மானியம் இல்லை, முழுப் பணம். அதைவிட, கட்டுமானத்தில் உயர்திறன் ஊழியராகிவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள். அடிப்படைத் திறன் ஊழியருக்கு முதலாளி அரசுக்கு மாதம் 900 வெள்ளி வெளிநாட்டு ஊழியர் தீர்வை கட்டுகிறார், உயர்திறன் என்றால் 500. மாதம் 400 வெள்ளி அவருக்கு மிச்சம். சம்பள உயர்வு கேட்க இதைவிட நல்ல காரணம் உங்களுக்குக் கிடைக்காது.

சோழவந்தான்_பையன் | 12 அக்டோபர், இரவு 9:11

ரொம்ப நன்றி அக்கா. மச்சானிடம் பேசிவிட்டேன். முன்பணம் 5,000 ரூபாய் ஏற்கெனவே கொடுத்துவிட்டானாம். அதை எப்படி வாங்குவது என்று பார்க்கிறோம். 900, 500 கணக்கு எனக்குத் தெரியவே தெரியாது.

பஸ்_கேப்டன்_தோ பாயோ | 12 அக்டோபர், இரவு 9:30

எல்லோரும் கன்டெய்னரையே பேசுகிறீர்கள். என் அனுபவத்தையும் போட்டு வைக்கிறேன். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தேன், பிறகு பேருந்துக்கு மாறினேன். கிளாஸ் 4ஏ, தொழில் உரிமம், எல்லாப் பயிற்சியும் கம்பெனி கொடுத்தது, பயிற்சிக் காலத்தில் சம்பளமும் வந்தது. 2016-இல் பேருந்துக் குத்தகை முறை வந்த பிறகு டவர் டிரான்சிட், கோ-அஹெட் எல்லாம் உள்ளே வந்து ஆளுக்குப் போட்டி, அதனால் பயிற்சிச் செலவை நம் தலையில் வைப்பதில்லை. கையிலிருந்து பணம் போட்டுப் படிக்கும் முன், இதையே எவனாவது சம்பளம் கொடுத்துச் சொல்லித் தருகிறானா என்று ஒரு தடவை தேடிப் பாருங்கள் தம்பி.

பென்ஜூரு_மேனேஜர் | 12 அக்டோபர், இரவு 9:44

கேப்டன் சொன்னதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பாண்டான்_டிஸ்பேட்ச் | 13 அக்டோபர், மாலை 6:25

குறிப்பு எண் வந்துவிட்டது. நான்கு பாடம், அதில் இரண்டுக்குத்தான் டிஜிஎஸ் எண் இருக்கிறது. மற்ற இரண்டும் "கழகத்தின் சொந்தப் பாடங்கள்", மானியம் கிடையாது. அப்படியென்றால் 1,200-க்கு மட்டும் பாதி மானியம், 600. மீதி 1,200 முழுதாக. மொத்தம் 1,800. என் 500-ஐக் கழித்தால் கையிலிருந்து 1,300, ஜிஎஸ்டி தனி. கழகத்தில் பதிவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும் பவுண்டில், அதுவும் தனி. போனில் சொன்னபோது "கிட்டத்தட்ட இலவசம்" என்றார்கள்.

ராத்திரி_ஷிஃப்ட் | 13 அக்டோபர், மாலை 6:31

சொன்னேன் இல்லையா. பிரேம்.

ஆர்பி_பகுதிநேரம் | 13 அக்டோபர், இரவு 7:50

நானும் ஐடிஇ-யில் படித்தவள்தான். கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டே ரிபப்ளிக் பாலிடெக்னிக்கில் பகுதிநேரமாக டிப்ளோமா படிக்கிறேன். வாரத்தில் சில இரவுகள் உட்லண்ட்ஸ் வரை போய் வருவது சாதாரண வேலை இல்லை, பொய் சொல்லமாட்டேன். வகுப்பில் பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவோம்.

ஆனால் நான் ஏன் குறுகிய சான்றிதழ்களை விட்டேன் என்றால், பெரிய கம்பெனிகளின் இணைய விண்ணப்பத்தில் "உயர்ந்தபட்சக் கல்வி" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் ஐடிஇ என்று தேர்ந்தெடுத்தால் சில வேலைகளுக்கு உள்ளேயே விடாது. எத்தனை சான்றிதழ் வைத்திருந்தாலும் அந்தப் பெட்டியில் மாறாது. டிப்ளோமா முடித்தால் மாறும். என் அக்காவுக்கு மாறியது.

உங்களுக்கு 38 என்கிறீர்கள். இரண்டு வருடம் பொறுத்து 40-இல் தொடங்கினால் அந்த 4,000 வெள்ளி, கூடுதல் மானியம் எல்லாம் சேரும். 2026 தொடக்கத்திலிருந்து 40 வயதுக்கு மேற்பட்டவர்கள் பகுதிநேரமாகத் தகுதியுள்ள படிப்பு படித்தால் மாதம் 300 வெள்ளி படியும் கொடுக்கப் போகிறார்கள். இதற்குள் சின்னச் சின்னக் காகிதத்தில் பணத்தையும் சனிக்கிழமையையும் ஏன் கரைக்க வேண்டும்?

எச்ஆர்_அக்கா | 13 அக்டோபர், இரவு 8:22

டிப்ளோமா பற்றி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் "40 வரை பொறு" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். 3,100-இல் இருப்பவர் இரண்டு வருடம் அதே 3,100-இல் இருந்தால் இழப்பது மானியத்தைவிட அதிகம். எக்சிக்யூட்டிவ் ஆனால் மாதம் 400 கூடும் என்று வைத்தால்கூட இரண்டு வருடத்தில் 9,600. அதைப் பத்திரப்படுத்த யாரும் பேசுவதில்லை, மானியத்தை மட்டும் பத்திரப்படுத்துகிறோம்.

இன்னொரு வழி இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. உங்கள் கம்பெனி சிறிய கம்பெனிதானே? 200 பேருக்கு மிகாமல், உள்ளூர்ப் பங்கு குறைந்தது 30 விழுக்காடு இருந்தால் அது சிறு, நடுத்தர நிறுவனம். அப்படிப்பட்ட கம்பெனி தன் செலவில் சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மானியமுள்ள வகுப்புக்கு அனுப்பினால் வயது எதுவானாலும் 70 விழுக்காடு வரை மானியம். நீங்கள் வகுப்பில் இருக்கும் நேரத்துக்குக் கம்பெனி மணிக்கு 4.50 வெள்ளி திரும்பப் பெறவும் முடியும். உங்களுக்குத் தனியாக 50, முதலாளி வழியாகப் போனால் 70. 40 ஆகக் காத்திருக்கத் தேவையே இல்லை.

உங்கள் முதலாளிக்கு இது தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்பு. சின்னக் கம்பெனிகளில் கணக்கு பார்க்கும் ஆன்ட்டிதான் மனிதவளமும். அவருக்கு இதைத் தேட நேரம் இருக்காது. விவரத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

பென்ஜூரு_மேனேஜர் | 13 அக்டோபர், இரவு 9:15

நான் முதலாளி பக்கத்திலிருந்து சொல்கிறேன். "எனக்கு வகுப்புக்குப் பணம் கட்டுங்கள்" என்று வருபவனுக்கு ஒரு பதில், "நம் கம்பெனியில் இந்த ஓட்டை இருக்கிறது, நான் அடைக்கிறேன், இந்த வகுப்பு வேண்டும்" என்று வருபவனுக்கு வேறு பதில். கம்பெனியில் வெளியாளுக்குப் பணம் கொடுத்துச் செய்யும் வேலை எது என்று யோசியுங்கள். சுங்க அனுமதி யார் போடுகிறார்கள்?

பாண்டான்_டிஸ்பேட்ச் | 13 அக்டோபர், இரவு 9:28

வெளி ஏஜென்ட். ஒவ்வொரு அனுமதிக்கும் கட்டணம். வெள்ளிக்கிழமை மாலை அவர் போனை எடுக்காவிட்டால் எங்கள் பெட்டி திங்கள் வரை நகராது.

பென்ஜூரு_மேனேஜர் | 13 அக்டோபர், இரவு 9:36

உங்கள் வாயாலேயே வந்துவிட்டது. டிரேட்நெட் என்ற சுங்க இணைய முறையில் அனுமதி போட டிக்ளரண்டாக (அறிவிப்பாளராக) பதிய வேண்டும், அதற்குச் சுங்கத் துறையின் தகுதித் தேர்வு தேற வேண்டும். 2,400 வெள்ளிக்கு முன்னால் அதன் செலவு ஒன்றுமே இல்லை. கம்பெனியும் அறிவிப்பு முகவராகப் பதிந்திருக்க வேண்டும், அதை முதலாளி செய்ய வேண்டியது. மாதம் எத்தனை அனுமதி போகிறது, ஏஜென்டுக்கு எவ்வளவு போகிறது, வெள்ளிக்கிழமை மாலைகளால் எத்தனை நாள் ஸ்டோரேஜ் (பெட்டி கிடக்கும் கட்டணம்) கட்டினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எக்செல் வகுப்புக்குப் போனேன் என்றீர்களே, அதை இப்போது பயன்படுத்துங்கள்.

சாங்கி_கார்கோ | 13 அக்டோபர், இரவு 9:58

ஒரு எச்சரிக்கை மட்டும். எச்எஸ் குறியீட்டை (சரக்கின் வகையைக் காட்டும் எண்) தப்பாகப் போட்டால், மதிப்பைக் குறைத்துப் போட்டால், கையெழுத்து உங்களுடையது. டிஸ்பேட்ச் வேலையோடு சேர்த்து அரை மனதாகச் செய்யும் வேலை அல்ல. பதவியையும் சம்பளத்தையும் பேசாமல் இந்தப் பொறுப்பை மட்டும் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். உள்ளூர் முதலாளிகள் இதில் கெட்டிக்காரர்கள்.

ராத்திரி_ஷிஃப்ட் | 13 அக்டோபர், இரவு 10:20

கிண்டல் போதும், நானும் உருப்படியாக ஒன்று சொல்கிறேன். நகர முனையங்கள் 2027-க்குள் துவாஸுக்குப் போகின்றன. தஞ்சோங் பகார், கெப்பல், பிரானி மூன்றும். பாசிர் பாஞ்சாங்கும் 2040 வாக்கில். கெப்பல் டிஸ்ட்ரிபார்க் கிடங்குகளுக்குப் பக்கத்தில் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் டிரிப் நேரமெல்லாம் மாறும். டிரைவர் ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்க முடியும் என்பதே மாறும். உங்கள் கம்பெனியில் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டவர் யாராவது உண்டா? நீங்கள் போட்டால், எந்தக் கழகமும் கொடுக்காத சான்றிதழ் அது.

பாண்டான்_டிஸ்பேட்ச் | 20 அக்டோபர், தீபாவளி இரவு 11:02

எல்லோருக்கும் தீபாவளி வாழ்த்துகள். தேக்காவில் நிற்க இடமில்லை, இப்போதுதான் வீட்டுக்கு வந்தோம்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் பேசினேன். பயிற்சி நிலையத்தின் வாட்ஸ்அப்பைப் பிளாக் செய்துவிட்டுத்தான் உள்ளே போனேன். அனுமதிக் கணக்கையும் ஸ்டோரேஜ் கணக்கையும் தாளில் காட்டினேன். ஸ்டோரேஜ் தொகையைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கணக்கு ஆன்ட்டியைக் கூப்பிட்டு இது சரியா என்று கேட்டார். சரிதான் என்றார் அவர்.

டிக்ளரண்ட் தேர்வுக்கும் இடர் நிர்வாக வகுப்புக்கும் கம்பெனி பணம் கட்டும். பிஸ்சேஃப் இல்லாததால் போன வருடம் ஒரு டெண்டர் போனது அவருக்கு நினைவிருக்கிறது. பதவி பற்றி "மார்ச்சில் பார்ப்போம்" என்றார். அதோடு, படித்து முடித்த பிறகு ஒரு வருடம் கம்பெனியில் இருக்க வேண்டும் என்று பாண்டு கையெழுத்து கேட்கிறார். போடலாமா?

சனிக்கிழமை இல்லை, வகுப்பு வாரநாளில். வீட்டில் சம்மதம்.

ஆர்பி_பகுதிநேரம் | இரவு 11:15

தீபாவளி வாழ்த்துகள் அண்ணா! 40 ஆனதும் உட்லண்ட்ஸில் பார்ப்போம்.

சாங்கி_கார்கோ | இரவு 11:19

"மார்ச்சில் பார்ப்போம்" என்பதை மின்னஞ்சலில் வாங்குங்கள். "நம் பேச்சின்படி, தேர்வு தேறி அனுமதி வேலையை நான் ஏற்றதும் மார்ச்சில் எக்சிக்யூட்டிவ் பதவி பற்றி முடிவெடுப்போம்" என்று நீங்களே எழுதி அனுப்புங்கள். அவர் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டால் போதும்.

எச்ஆர்_அக்கா | 21 அக்டோபர், காலை 8:10

இந்தத் தொகைக்கு ஒரு வருடப் பாண்டு அதிகம். பெரிய வகுப்பென்றால் கேட்கலாம். ஆறு மாதமாகக் குறைக்கச் சொல்லுங்கள், பேசிப் பார்த்தால் இறங்கி வருவார். நடுவில் போனால் திருப்பிக் கட்ட வேண்டியது மானியம் போகக் கம்பெனி உண்மையில் செலவழித்த தொகை மட்டும், அதுவும் மாதக் கணக்கில் குறைந்துகொண்டே வரும் என்று எழுதியிருக்க வேண்டும். முழுக் கட்டணத்தை எழுதியிருந்தால் கையெழுத்து வேண்டாம்.

வகுப்பில் பதியும்போது கம்பெனி அனுப்பும் ஊழியர் என்றே பதியச் சொல்லுங்கள், கம்பெனியின் யூஇஎன் (நிறுவனப் பதிவு) எண்ணோடு. அவசரத்தில் உங்கள் பெயரில் தனியாகப் பதிந்துவிட்டால் அந்த 70 கிடைக்காது. டிசம்பரில் போகும் உங்கள் 500-ஐ இதில் போட வேண்டாம், அது இன்னும் உங்களுடையது. தரவுப் பகுப்பாய்வு, பவர் பிஐ மாதிரி மானியமுள்ள வகுப்பு ஒன்றைப் பார்த்து நவம்பருக்குள் பதிந்துவிடுங்கள். ராத்திரி ஷிஃப்ட் சொன்ன துவாஸ் கணக்குக்கு உதவும்.

ராத்திரி_ஷிஃப்ட் | 21 அக்டோபர், காலை 8:14

அந்தக் கணக்கு போட்டதும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள் தம்பி, எங்கள் கம்பெனியிலும் யாரும் போடவில்லை.